முகிலிடை மிதந்த போர்க்கப்பல்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் காப்பியத்தைப் பற்றியோ புதுக்கவிதையைப் பற்றியோ பேசுவதுதான் மரபு. நான் தேர்ந்துகொண்ட பொருளோ ஒரு போர்க்கருவி. வான்கப்பல் என்றும் ஆகாயக் கப்பல் என்றும் நாம் வழங்கும் அந்தப் பேருருவம் போரில் ஈடுபட்ட வரலாறுதான் இன்றைய பேச்சு. இதைக் கவிஞர்கள் நடுவே பேசுவதற்குக் காரணம் உண்டு. கொலைக்கருவிகளைக் கண்டு மக்கள் அஞ்சுவது இயல்பு. வான்கப்பலையோ அவர்கள் முதலில் காதலித்தார்கள். தம் கைப்பொருளைக் கொடுத்து வளர்த்தார்கள். அது குண்டு பொழியத் தொடங்கிய பின்னரும், எந்த ஊரின் மீது பொழிந்ததோ அந்த ஊராரிலேயே சிலர் அதன் அழகில் மயங்கி அண்ணாந்து நின்றார்கள். அழகைப் பாடுவதைத் தொழிலாகக் கொண்ட நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி அதில் இருக்கிறது.

எலும்பும் தோலும்

முதலில் அந்த ஊர்தியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வான்கப்பல்களில் ஒரு வகை வெறும் பை. உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தமே அதற்கு வடிவம் தரும். வாயு குறைந்தால் துவண்டுவிடும். மற்றொரு வகைக்கு எலும்புக்கூடு உண்டு. உலோக வளையங்களை வரிசையாக நிறுத்தி, நெடுந்தண்டுகளால் அவற்றைப் பிணைத்து, மேலே துணியைப் போர்த்திவிடுவார்கள். உள்ளே வாயுப் பைகள் தனித்தனி அறைகளில் இருக்கும். ஒரு பை கிழிந்தாலும் கப்பலின் வடிவம் குலையாது. எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் கட்டலாம் என்ற ஆசையை ஊட்டியது இந்த எலும்புக்கூடுதான். போர் வரலாற்றில் பெரும்பெயர் பெற்றதும் இந்த வகையே.

ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.3 கிலோ. அதே அளவு ஹைட்ரஜன் 100 கிராமுக்கும் குறைவு. ஆக, ஒரு கனமீட்டர் ஹைட்ரஜன் ஒரு கிலோவுக்குச் சற்றே மேற்பட்ட சுமையைத் தூக்கும். பத்து டன்னைத் தூக்கப் பத்தாயிரம் கனமீட்டர் அளவுக்கு வாயு வேண்டும். கப்பல் மலைபோல் பெருத்ததற்கு இந்தக் கணக்கே காரணம். தூக்கிச் செல்லும் அந்த வாயுவோ, காற்றோடு கலந்து ஒரு பொறி பட்டால் தீப்பிழம்பாகும் இயல்புடையது.

வாயு கசியாத பைகளை எதனால் செய்தார்கள் என்பது வியப்பூட்டும். பொன்னைத் தகடாக அடிப்போர் இடையில் வைக்கும் மாட்டுக் குடற்சவ்வுதான் அதற்கு ஏற்றதாக இருந்தது. ஒரு பெரிய கப்பலுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளின் குடல் தேவைப்பட்டது. குடலில் இறைச்சியை அடைத்துச் செய்யும் சாசேஜ் ஜெர்மானியரின் அன்றாட உணவு. போர்க்காலத்தில் வான்கப்பலுக்காக அந்த உணவைச் செய்வதற்கே தடை விதித்த பகுதிகள் உண்டு. மக்களின் வயிற்றிலிருந்து எடுத்துத்தான் அந்த வான்கப்பலுக்கு வயிறு தைத்தார்கள் என்று சொன்னால் அது வெறும் கற்பனை ஆகாது.

உலோகக் கூடுடைய வான்கப்பலை முதன்முதலில் பறக்கவிட முயன்றவர்களுள் ஒருவர் டேவிட் ஷ்வார்ஸ். அவருடைய அலுமினியக் கப்பல் 1897 நவம்பரில் பெர்லினில் எழும்பி, அன்றே உடைந்து வீழ்ந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டார். புகழ் அடைந்தவர் ஃபெர்டினாண்ட் வான் செப்பெலின். 1838-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்த பிரபு, குதிரைப்படைத் தளபதி. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரைக் காணச் சென்றிருந்தபோது பலூனில் ஏறிப் பார்த்தவர். 1890-இல் படையிலிருந்து விலக நேர்ந்தது. அதன்பின் தம் செல்வத்தையும் வாழ்நாளையும் ஒரே கனவில் இட்டார். 1900 ஜூலை 2 அன்று, ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபென் ஊரருகே ஏரியில் மிதந்த கொட்டகையிலிருந்து அவருடைய முதற்கப்பல் வெளிவந்தது. நீளம் 128 மீட்டர். பறந்தது ஏறத்தாழ 18 நிமிடம். அன்று அவருக்கு வயது அறுபத்திரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டு 5

ஜெர்மன் அரசு கப்பலை வாங்குவதற்கு ஒரு நிபந்தனை விதித்தது. இருபத்து நான்கு மணி நேரப் பயணத்தைச் செய்து காட்ட வேண்டும். நான்காம் கப்பல் 1908 ஆகஸ்டு 4 அன்று புறப்பட்டது. ரைன் ஆற்றைப் பின்பற்றி அது சென்ற வழியெங்கும் மக்கள் திரண்டு கையசைத்தார்கள். எஞ்சின் பழுதால் மறுநாள் காலை, ஸ்டட்கார்ட் நகரருகே எக்டர்டிங்கென் என்னும் சிற்றூரின் வயல்வெளியில் இறங்கியது. பிற்பகலில் எழுந்த சூறைக்காற்று கட்டுகளை அறுத்தது. கப்பல் தீப்பற்றிச் சில நிமிடங்களில் கருகிய கம்பிக் குவியலானது. உயிரிழந்தவர் எவரும் இல்லை.

தம் முயற்சி முடிந்தது என்றுதான் முதியவர் எண்ணியிருப்பார். நிகழ்ந்ததோ வேறு. எவரும் கேளாமலே நாடெங்குமிருந்து பணம் வந்து குவிந்தது. செல்வரும் கொடுத்தனர், பள்ளிச் சிறாரும் தம் சேமிப்பை அனுப்பினர். 60 லட்சம் மார்க்குக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில்தான் செப்பெலின் தொழிற்கூடம் நிறுவப்பட்டது.

அன்று அந்த வயலுக்கு வந்து சேர்ந்தவர்களுள் ஓர் ஆங்கிலேயரும் உண்டு. பிரிட்டனின் நிதி அமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜ் அவர். ஜெர்மனியில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தவர், பறப்பதைக் காண வந்து சிதைவைத்தான் கண்டார். கூடியிருந்தோரின் ஆற்றொணாத் துயரத்தையும், அத்துயரினூடே அவர்கள் தேசியப் பாடலை உணர்ச்சிப் பெருக்கோடு பாடியதையும் தம் போர் நினைவு நூலில் பின்னாளில் பதிவு செய்தார். இந்த ஊர்தி எதன் முன்னறிவிப்போ என்று ஓர் அச்சம் அவர் மனத்தில் எழுந்தது. எட்டாண்டுகளுக்குப் பின், அதே ஊர்திகள் லண்டன்மீது குண்டு வீசிய காலத்தில், அவரே பிரிட்டனின் பிரதமரானார்.

எழுத்தாளர் ஒருவரின் கற்பனையும் அதே ஆண்டில் அங்கே சென்றுவிட்டது. 1908-இல் எச். ஜி. வெல்ஸ் வெளியிட்ட 'வானில் போர்' என்னும் நாவலில் ஜெர்மன் வான்கப்பல் படை அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூயார்க் நகரின்மீது குண்டு வீசுகிறது.

சட்டம் என்ன செய்தது என்று நீங்கள் கேட்கலாம். 1899-இல் ஹேக் நகரில் கூடிய அமைதி மாநாட்டில், பலூன்களிலிருந்தும் அவை போன்றவற்றிலிருந்தும் குண்டு வீசுவதில்லை என்று ஐந்தாண்டுக் காலத்துக்கு உறுதி கூறினார்கள். அப்போது நகரங்களின்மீது குறிபார்த்து வீசத்தக்க ஊர்தி எவரிடமும் இல்லை; உறுதி கூறுவது எளிதாக இருந்தது. 1907-இல் அதைப் புதுப்பிக்க முனைந்தபோது ஜெர்மனியும் பிரான்சும் கையெழுத்திடவில்லை. அதற்குள் ஊர்தி பிறந்துவிட்டது.

இவற்றுக்கிடையே மக்களின் காதல் குறையவில்லை. 1910 முதல் 1914 வரை பயணக் கப்பல்கள் ஏறத்தாழ 34,000 பேரை ஏற்றிச் சென்றன. பயணிகளில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. கடற்படையின் அனுபவம் கசப்பானது. 1913 செப்டம்பரில் அதன் முதற்கப்பல் புயலில் கடலில் வீழ்ந்து 14 பேர் மாண்டனர். அடுத்த மாதமே இரண்டாம் கப்பல் வானில் வெடித்து அதிலிருந்த 28 பேரும் இறந்தனர். அந்தச் சிதைவின் நடுவே கடற்படை வான்கப்பல் பிரிவின் பொறுப்பை ஏற்றவர் பீட்டர் ஸ்ட்ராஸர். அந்தப் பெயரை நினைவில் கொள்ளுங்கள்.

உறங்கும் நகரின்மேல்

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. தரைப்படை தன் கப்பல்களைப் பகலிலும் தாழ்விலும் ஓட்டி, முதல் மாதத்திலேயே நான்கை இழந்தது. துப்பாக்கிக்கு எளிய இலக்கு அத்தனை பெரிய உடல். இனி இரவுதான் கப்பலுக்கு ஏற்ற பொழுது என்று உணர்ந்தார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 22 இரவில் கெய்சரின் கடற்படையைச் சேர்ந்த எம்டன் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டுத் தமிழ்ப் பேச்சில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டதை நாம் அறிவோம். அதே கடற்படையின் வான்கப்பல்கள் 1915 ஜனவரி 19 இரவு இங்கிலாந்தின் கிழக்குக் கரையைத் தாக்கின. யார்மவுத், கிங்ஸ் லின் ஆகிய ஊர்களில் நால்வர் இறந்தனர்.

லண்டனைத் தாக்கக் கெய்சர் முதலில் இசையவில்லை. இங்கிலாந்தின் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவருக்கு அம்மான் மகன். பின்னர் இசைந்தபோதும், நகரின் கிழக்குப் பகுதியோடு நிற்க வேண்டும் என்றார். அரண்மனைகள் மேற்கே இருந்தன. கிழக்கே துறைமுகமும் அதை அண்டி வாழ்ந்த ஏழைகளின் குடியிருப்புகளும் இருந்தன. 1915 மே 31 இரவு லண்டன்மீது முதற்குண்டுகள் வீழ்ந்தன. எழுவர் இறந்தனர், அவர்களுள் குழந்தைகளும் உண்டு. செப்டம்பர் 8 இரவு ஹைன்ரிக் மாத்தி என்னும் தளபதியின் கப்பல் ஒன்றே 22 பேரைக் கொன்றது. அக்டோபர் 13 அன்று நாடக அரங்குகள் நிறைந்த தெருக்களிலும் பிற இடங்களிலுமாக 71 பேர் மாண்டனர்.

எங்கே இருக்கிறோம் என்பது கப்பலில் இருந்தவர்களுக்கே பல இரவுகளில் தெரியவில்லை. காற்று அவர்களை இழுத்துச் சென்றது, கீழே இருட்டடிப்பு. 1916 ஜனவரி இறுதியில் ஒன்பது கப்பல்கள் லிவர்பூலை நோக்கிப் புறப்பட்டன. ஒன்றும் அங்கே சென்று சேரவில்லை. நடு இங்கிலாந்தின் சிறு தொழில் நகரங்கள் குண்டுபட்டு 70 பேர் இறந்தனர். லிவர்பூலைத் தாக்கியதாக ஜெர்மன் அறிக்கை கூறியது.

அந்தத் தாக்குதலின் பின்கதை ஒன்று உண்டு. திரும்பும் வழியில் எல் 19 என்ற கப்பல் எஞ்சின் கெட்டு வடகடலில் வீழ்ந்தது. பதினாறு வீரர்கள் மிதக்கும் சிதைவின்மேல் ஏறி நின்றனர். 'கிங் ஸ்டீஃபன்' என்னும் ஆங்கிலேய மீன்பிடிப் படகு அவ்வழி வந்தது. காப்பாற்றும்படி வேண்டினார்கள். படகிலோ ஒன்பது பேர். ஆயுதம் ஏதும் இல்லை. பதினாறு பேரை ஏற்றினால் அவர்கள் படகைக் கைப்பற்றிவிடுவார்கள் என்று அஞ்சிய படகுத் தலைவர் அவர்களை விட்டுவிட்டுச் சென்றார். பதினாறு பேரும் மாண்டனர். தம் குடும்பத்தாருக்கு அவர்கள் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்த கடிதங்கள், மாதங்கள் கழித்துச் சுவீடன் நாட்டுக் கரையை அடைந்தன. படகுத் தலைவர் செய்தது சரியா என்று அன்று இரு நாடுகளும் வாதிட்டன. ஒரு கிறித்தவப் பேராயரே அவர் பக்கம் நின்று பேசினார். உறங்கும் ஊர்களின்மீது குண்டு வீசியவர்கள் அவர்கள். பின்னர் நனைந்த உடையோடு உயிருக்கு மன்றாடியவர்களும் அவர்களே. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒருங்கே சொல்வதற்குத்தான் இலக்கியம் வேண்டியிருக்கிறது. அறிக்கைகளுக்கு ஒரு வாக்கியம் போதும்.

அழகின் இரவு

எழுத்தாளர்கள் கண்டது என்ன? டி. எச். லாரன்ஸ் 1915 செப்டம்பரில் லண்டன் வானில் ஒரு வான்கப்பலைக் கண்டார். நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அதை வானத்தின் புதியதொரு நிலவு போலவே சித்திரித்தார். பழைய அண்ட ஒழுங்கு மறைந்து வேறோர் ஒழுங்கு வந்துவிட்டதாக உணர்ந்தார். கீழே வெடிப்புகள் அதிர்ந்துகொண்டிருந்த நேரம் அது.

1916-இல் நிலைமை மாறியது. ஹைட்ரஜனைப் பற்றவைக்கும் புதுவகைத் தோட்டாக்கள் ஆங்கிலேய விமானிகளுக்குக் கிடைத்தன. செப்டம்பர் 3 விடியுமுன், லண்டனுக்கு வடக்கே லீஃப் ராபின்சன் என்னும் இளைஞர் ஒரு கப்பலை எரித்து வீழ்த்தினார். இவர் நமக்கு அயலவர் அல்லர். 1895-இல் குடகு நாட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் பிறந்து, பெங்களூரிலும் கல்வி கற்றவர். அவர் வீழ்த்தியது செப்பெலின் தொழிற்கூடத்தில் உருவானதன்று. ஷூட்டே-லான்ஸ் என்னும் போட்டி நிறுவனம் மரச்சட்டத்தால் கட்டியது. ஆனால் லண்டன் மக்களுக்கு வானில் மிதந்த எதுவும் செப்பெலின்தான். பதினாறு பேர் எரிந்து வீழ்வதைத் தெருக்களில் நின்ற பெருங்கூட்டம் ஆர்ப்பரித்தும் பாடியும் கொண்டாடியது.

அக்டோபர் 1 இரவு மாத்தியின் கப்பலும் எரிந்தது. எரிந்து சாவதா, குதித்துச் சாவதா என்பது வான்கப்பல் வீரர்கள் ஒவ்வொருவரும் தம்முள் கேட்டுக்கொண்ட கேள்வி. மாத்தி குதித்தார். அவருடைய உடல் மண்ணில் பாதி புதைந்த நிலையில் கிடந்தது. கப்பலில் இருந்த பத்தொன்பது பேரும் மாண்டனர்.

இந்தக் காட்சியைத் தொலைவிலிருந்து கண்டவர் பெர்னார்டு ஷா. சில நாட்களில் வெப் தம்பதியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. எஞ்சின்களின் ஓசை இனிமையாக இருந்தது என்றார். விண்மீன்களிடையே கப்பல் சென்ற கோலம் மயக்கியது என்றார். மறுநாள் இரவும் ஒரு தாக்குதல் வராதா என்று தம் மனம் ஏங்கியதைத் தாமே கண்டுகொண்டதாக எழுதினார். அத்தனை பேர் கொடிய அச்சத்தில் மாண்டதைப் பார்த்துவிட்டு வந்து படுத்துச் சற்று நேரத்தில் நன்றாக உறங்கிப்போனதையும் சேர்த்தே எழுதினார்.

ஷாவை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. தம் கண் செய்த பிழையைத் தாமே பிடித்துக்கொண்ட நேர்மையை நான் போற்றுகிறேன். அவர் காலத்தில் அண்ணாந்து பார்த்த இலட்சக்கணக்கானோருக்கு அவ்வுணர்வு தோன்றியிருக்கும். தோன்றியதை எழுதியவர்கள் சிலரே.

உயரமும் தொலைவும்

தீயிலிருந்து தப்ப ஸ்ட்ராஸர் கண்ட வழி, இன்னும் உயரே செல்வது. எடையைக் குறைத்துக் கட்டிய கப்பல்கள் 6,000 மீட்டர் உயரத்தை எட்டின. அங்கே மூச்சுக் காற்று போதாது. குளிர் உறைநிலைக்கு வெகு கீழே. வீரர்கள் ஆக்சிஜன் குடுவைகளோடு உழன்றனர். அந்த உயரத்திலிருந்து ஒரு நகரத்தையே அடையாளம் காண முடியாதபோது தொழிற்சாலையை எப்படிக் குறிபார்ப்பது? 1917 அக்டோபர் 19 இரவு பதினொரு கப்பல்கள் சென்றன. மேலே வீசிய கடுங்காற்று அவற்றைப் பிரான்சின்மேல் சிதறடித்தது. ஐந்து திரும்பவே இல்லை. தரைப்படையோ அதற்கு முன்பே வான்கப்பல்களைக் கைவிட்டிருந்தது.

அந்த ஆண்டின் நவம்பரில் நடந்த ஒரு பயணம் காவியத் தன்மை கொண்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் துண்டிக்கப்பட்டுப் போரிட்டுக்கொண்டிருந்த ஜெர்மன் படைக்கு மருந்தும் தோட்டாவும் கொண்டுசெல்ல எல் 59 என்ற கப்பலை அனுப்பினார்கள். அது திரும்பி வரத் தேவையில்லை. போய்ச் சேர்ந்ததும் கப்பலையே பிரித்துப் பயன்படுத்த வேண்டும் என்பது திட்டம். மேல்துணி கூடாரமாகும்; நடைபாதையில் பதித்த தோல் காலணியாகும்; வாயுப் பைகள் படுக்கைப் பைகளாகும். தன் உடலின் ஒவ்வொரு பகுதியையும் கொடையாகக் கொண்டுசென்ற கப்பல் அது.

பல்கேரியாவின் யாம்போல் நகரிலிருந்து நவம்பர் 21 அன்று புறப்பட்டு, நடுநிலக்கடலையும் எகிப்தின் பாலைவனத்தையும் கடந்தது. பகலில் மணற்பரப்பின் வெப்பம் கப்பலைத் தூக்கி எறிந்தது. இரவின் குளிர் கீழே இழுத்தது. கார்ட்டூமின் மேற்கே சென்றுகொண்டிருந்தபோது திரும்பி வரும்படி வானொலி ஆணை வந்தது. கப்பல் இறங்க வேண்டிய நிலப்பகுதி பகைவர் வசமாகிவிட்டதென்று தலைமையகம் கருதியது. 95 மணி நேரத்தில் 6,757 கிலோமீட்டர் பறந்து நவம்பர் 25 அன்று புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கினார்கள். உலகம் அதுவரை கண்டிராத பயணம். கொண்டுசென்ற ஒரு பொட்டலம்கூடப் பிரிக்கப்படவில்லை. அடுத்த ஏப்ரலில் அதே கப்பல் மால்ட்டாவைத் தாக்கச் செல்லும் வழியில் கடலின்மேல் தீப்பற்றி வீழ்ந்தது. அனைவரும் மாண்டனர்.

இறுதித் தாக்குதலுக்குத் தாமே தலைமை தாங்கி, எல் 70 என்ற 211 மீட்டர் நீளக் கப்பலில் ஸ்ட்ராஸர் புறப்பட்டார். நார்ஃபோக் கரையருகே ஆங்கிலேய விமானம் ஒன்று அதை எரித்தது. இருபத்திரண்டு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த நாள் 1918 ஆகஸ்டு 5. எக்டர்டிங்கென் வயலில் கப்பல் எரிந்து, மக்கள் அழுது, பணம் குவிந்த அதே ஆகஸ்டு 5. சரியாகப் பத்தாண்டுகள்!

கணக்கைப் பார்ப்போம். பிரிட்டன்மீது 51 வான்கப்பல் தாக்குதல்கள். 557 பேர் இறந்தனர். 1,358 பேர் காயமுற்றனர். போர்க்காலத்தில் கட்டிய 84 செப்பெலின் கப்பல்களில் அறுபதுக்கு மேல் அழிந்தன. விபத்தால் பாதி, பகைவரால் பாதி. பிரிட்டன் ஏறத்தாழ 17,000 பேரைத் தன் வான்காவலில் நிறுத்த வேண்டியதாயிற்று என்பதைப் பயனாகச் சொல்வோர் உண்டு. கடலில் வேவு பார்ப்பதற்கு அவை உதவின என்பதும் உண்மை. ஆனால் எந்தப் போரும் அவற்றால் முடிவாகவில்லை. 1917 ஜூன் 13 அன்று பட்டப்பகலில் லண்டனைத் தாக்கிய ஜெர்மன் விமானங்கள் ஒரே நாளில் 162 பேரைக் கொன்றன. ஒரு பள்ளியில் மட்டும் 18 குழந்தைகள். வான்கப்பல் தொடங்கிவைத்த தொழிலை விமானம் தன் கையில் வாங்கிக்கொண்டது.

வாரிசுகள்

போர் முடிந்ததும், எஞ்சிய கப்பல்களுள் சிலவற்றைப் பகைவருக்குக் கொடுக்க மனமின்றி வீரர்களே 1919 ஜூனில் கொட்டகைக்குள் வீழ்த்தி உடைத்தனர். வென்ற நாடுகள் மற்றவற்றைப் பங்கிட்டுக்கொண்டன. ஊழையும் சேர்த்தே பங்கிட்டுக்கொண்டன. பிரிட்டனில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டிய ஆர் 38, 1921 ஆகஸ்டில் ஹல் நகரின்மேல் ஒடிந்து 44 பேர் இறந்தனர். பிரான்சு பெற்ற கப்பல் 1923 டிசம்பரில் சிசிலிக் கடலில் அனைவரோடும் மறைந்தது. இந்தியாவுக்கு வரப் புறப்பட்ட பயணக் கப்பல் ஆர் 101, 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சில் வீழ்ந்து 48 பேர் மாண்டனர். அதற்காகக் கராச்சியில் எழுப்பிய பெருங்கொட்டகைக்குள் எந்த வான்கப்பலும் நுழையவே இல்லை.

அமெரிக்கர் எரியாத ஹீலியத்தை நிரப்பித் தீயை வென்றனர். காற்றை வெல்ல முடியவில்லை. 'ஷெனாண்டோவா' 1925-இல் புயலில் மூன்றாக முறிந்தது. போர் விமானங்களைத் தன் வயிற்றுக்குள் சுமந்து, வானிலேயே வெளியே அனுப்பி, மீண்டும் கொக்கியில் மாட்டி ஏற்றுக்கொண்ட விந்தைக் கப்பல்கள் 'ஆக்ரன்', 'மேக்கன்'. ஆக்ரன் 1933 ஏப்ரல் 4 அன்று கடலில் வீழ்ந்தபோது 76 பேரில் 73 பேர் இறந்தனர். அந்தப் பாடத்தால் மேக்கனில் உயிர்காப்பு உடைகள் வைத்தார்கள். 1935-இல் அது வீழ்ந்தபோது இருவர் மட்டுமே இறந்தனர். 1939-இல் ஜெர்மனியின் கடைசிக் கப்பல் ஆங்கிலேய ராடாரை உளவறிய முயன்று ஏமாந்தது. 1940-இல் அதைப் பிரித்து உலோகத்தைப் போர் விமானம் செய்ய எடுத்துக்கொண்டார்கள்.

கப்பல் மறைந்தது, அதில் ஏறி வந்த கருத்து மறையவில்லை. பகைநாட்டுப் படையை வெல்வதைவிட அதன் மக்களை உறங்கவிடாமல் செய்வது எளிது என்பதே அந்தக் கருத்து. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் கெர்னிக்கா நகரை ஜெர்மன் விமானங்கள் எரித்தன. பத்தே நாட்கள் கழித்து, மே 6 அன்று, 'ஹிண்டன்பர்க்' என்னும் பயணக் கப்பல் அமெரிக்காவில் எரிந்தது. இறந்தவர் 36 பேர். அந்தத் தீயைத் திரைப்படக் கருவிகள் பதிவு செய்தன. உலகம் மீண்டும் மீண்டும் பார்த்தது. கெர்னிக்காவில் மக்கள் மாண்ட நேரத்தில் அங்கே படம்பிடிக்கக் கருவி இல்லை. அதைக் காணச் செய்ய ஓர் ஓவியன் வர வேண்டியிருந்தது. பிக்காஸோவின் ஓவியத்தில் விமானம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அலறும் தாயும் இறந்த குழந்தையும் குதிரையும் இருக்கின்றன. அவர் கண் அண்ணாந்து பார்க்கவில்லை, கீழே பார்த்தது.

அந்த முதற்கப்பல் எழுந்த ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபென் ஊரும் தப்பவில்லை. இரண்டாம் உலகப் போரில் அங்கிருந்த செப்பெலின் தொழிற்கூடம் ராடார் கருவிகளையும் ஏவுகணைப் பாகங்களையும் செய்தது. 1944 ஏப்ரலில் ஓரிரவில் வானிலிருந்து பொழிந்த குண்டுகள் அந்தப் பழைய ஊரை அழித்தன. 1908-இல் உண்டியலை உடைத்துப் பணம் அனுப்பிய சிறார்கள் அப்போது நாற்பது வயதைக் கடந்த பெற்றோர்கள்.

கவிஞர் பெருமக்களே, அழகைக் காணாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. அந்தக் கப்பல்கள் உண்மையாகவே அழகியவை. நிலவொளியில் அவற்றைக் கண்டு மனம் இளகாதவன் கவிதை எழுதவும் மாட்டான். நான் வேண்டுவது ஒன்றே. வானத்தில் ஒளிர்வதைப் பாடும்போது, அதன் நிழல் எந்தக் கூரையின்மேல் விழுகிறது என்பதையும் அதே பாட்டில் சொல்லுங்கள். மேலே இருப்பவனும் ஒரு தாய்க்கு மகன் என்பதை மறவாதீர்கள். கீழே உறங்கும் குழந்தைக்குப் பெயர் உண்டு என்பதையும் மறவாதீர்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் துணிவை இந்த வட்டம் பத்தாண்டுகளாகத் தன் உறுப்பினர்களுக்குக் கற்பித்து வருகிறது. வரும் ஆண்டுகளிலும் அது தொடர வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.